பேச்சியம்மன் மருது

முருகேஸ்வரியின் வீட்டுக்காரர் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஏரல் பக்கம் ஆற்றங்கரையில் இருந்த அவள் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆளில்லை. எல்லாம் வாடியிருக்கும் என்று பயந்துகொண்டே ஊர் திரும்பியவள், வாழை அத்தனையும் குளிர்ந்து நிற்பதைக் கண்டாள். பக்கத்து வயல்காரர் பிச்சையா தம் முறைத் தண்ணீரை அவள் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். கேட்டதற்கு, "வரப்பை உடைச்சிக்கிட்டுப் பாஞ்சிருக்கும்ளா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அந்த வருஷம் அவருடைய குலைகள்தான் சிறுத்துப் போயின.

வெள்ளிதோறும் ஆற்றில் குளித்து, கரையில் மருத மரத்தடியில் இருக்கும் பேச்சியம்மனுக்கு விளக்குப் போடுகிறவர் பிச்சையா. அங்கே இரண்டு மருது. அம்மன் மரத்தில் இரும்பு படக்கூடாது என்பது ஊர்க் கட்டு. கொப்பு கழிக்காமலே இரண்டும் தலை கனத்து வளர்ந்தன. 2023 மார்கழி வெள்ளத்தில் ஒன்று சாய்ந்து, கரையையும் பெயர்த்துக்கொண்டு போயிற்று. முருகேஸ்வரியின் வயலில் பாதி அதோடு போனது. நாணலும் புங்கும் அடர்ந்திருந்த இடத்தில் மட்டும் கரை அசையவில்லை, வண்டல்கூடப் படிந்திருந்தது. மிச்சமிருந்த மருது வேர் தெரிய ஆற்றுப் பக்கம் சாய்ந்து நின்றது. அதுவும் விழுந்தால் மீதி வயலும் ஆறுதான்.

"கொப்பைக் கழிச்சா நிக்கும். மருது திரும்பத் துளுக்கும்" என்றார் பிச்சையா. அரிவாளைத் தொட ஊரில் யாருக்கும் துணிச்சல் இல்லை. "நானே வெட்டுதேன். முதல்ல அம்மன்கிட்ட கேக்கணும்."

மேலத்தெரு ராஜபாண்டி சிரித்தான். "நீங்க கேட்டுட்டு வெட்டுவீய அண்ணாச்சி. ஆறு உங்ககிட்ட கேட்டுட்டா அறுக்கும்?"

"அவ மரம்லே. கேக்காம எப்படி?"

ஆனி மாதம் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமுமாகக் கட்டி அம்மன் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் உத்தரவு. முருகேஸ்வரி எடுத்துப் பிரித்தாள். சிவப்பு. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

பிச்சையா அண்ணாந்து பார்த்தார். "அழாதளா. மேல கொக்குக் கூடு இருக்கு. குஞ்சு பறக்கட்டும்னு சொல்லுதா."

ஆவணியில் மறுபடி கேட்டார். வெள்ளை வந்தது. கூடுகளும் காலியாகியிருந்தன. தேங்காய் உடைத்து, "குத்தம்னா என்னோட போகட்டும் தாயே" என்று கும்பிட்டு, தாமே ஏறிக் கொப்புகளைக் கழித்தார். பிறகு இருவருமாக, பெயர்ந்த கரையில் நாணல் வேரும் புங்கங்கன்றும் ஊன்றினார்கள்.

ஐப்பசியில் தண்ணீர் மரத்தின் அடி வரை ஏறியது. மருது நின்றது, வயலும் நின்றது.

தை பிறந்ததும், துறைமுகத்தில் வேலை பார்க்கும் மகன் ஜெயகணேஷ் பிச்சையாவைத் தூத்துக்குடிக்கே கூட்டிப் போனான். அவர் திரும்பவில்லை, சித்திரையில் அங்கேயே காலமானார். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று அவர் பஸ் ஏறும்போது முருகேஸ்வரி கண்ணைத் துடைத்தாள். அவர் ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டார்:

"ஏளா, நாணல் இப்பதான் துளுத்திருக்கு. ஆட்டை அந்தப் பக்கம் விட்டுராத."