உம்மாவுக்குக் கானில் நோவு

எனக்கு மூத்தவளான ராத்தா எஸ்.எஸ்.சி. பரீட்சைக்குப் படித்த வருஷம் எங்கள் வீட்டுக்குள் ஒரு படம் வந்தது. சுகாதாரப் பாடத்துக்காக அவள் கீறிய சிறுநீர்த் தொகுதி. அவரைக்கொட்டை மாதிரி இரண்டு சிறுநீரகங்கள், அவற்றிலிருந்து இறங்கும் இரண்டு குழாய்கள், அடியில் ஒரு பை, பைக்குக் கீழே ஒரு சின்ன வழி. எட்டு வயதுக்காரியான நான் அதற்கு வர்ணம் தீட்டினேன். உம்மா ஒரு தடவை எட்டிப்பார்த்துவிட்டு, குமர்ப்பிள்ளை கீறுகிற படமா இது என்று கொப்பியை மூடிவிட்டுப் போனார்.

அந்தக் குழாய்களுக்குச் சிறுநீர்க்கான் என்று பெயர். கான் என்றால் எங்களுக்குத் தெருவோரத்துச் சாக்கடை. மாத்தளையில் வாப்பாவின் மிளகு, கொக்கோக் கடைக்கு முன்னாலும் ஒன்று ஓடியது. மனுஷருக்குள்ளேயும் இரண்டு கான் ஓடுகிறது என்ற செய்தியைப் பள்ளிக்கூடம் முழுக்கப் பரப்பியவள் நான்தான்.

அடுத்த விடுமுறையில் உம்மா காய்ச்சலில் விழுந்தார். குளிர் நடுக்கம், முதுகின் ஒரு பக்கத்தில் நோவு, சிறுநீர் போகும்போது எரிவு. எரிவை ராத்தாவிடம் மட்டும் சொன்னார். டொக்டரிடம் போய் வயிற்று வலி என்றார். ஆம்பிளை டொக்டர், பக்கத்தில் வாப்பா வேறு. பாவம், வேறென்ன சொல்வார்? வயிற்றுக்கான மருந்து இரண்டு போத்தல் முடிந்தது. காய்ச்சல் கூடியதே தவிர இறங்கவில்லை. உம்மா எழுந்து நடக்கவே சுவரைப் பிடிக்கவேண்டியிருந்தது. உம்மா மௌத்தாகிவிடுவாரோ என்று ராத்தா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தந்திரம் செய்தாள். கடைக்குக் கொக்கோ வந்து இறங்குகிற நாளாகப் பார்த்து உம்மாவை டொக்டரிடம் அனுப்பினாள். வாப்பா அசைய முடியாது. சிங்களம் பேசத் துணைக்கு நான். எட்டு வயதுக்கு வெட்கம் கிடையாது என்பது அவள் எண்ணம். படத்தையும் கிழித்து என் கையில் மடித்துத் தந்தாள்.

எங்கே வருத்தம் என்று டொக்டர் கேட்டார். சிறுநீர்க்கானுக்கு எனக்குச் சிங்களம் தெரியாது. கானுக்குத் தெரியும், காணுவ. ஆகவே உம்மாவின் காணுவ நோகிறது என்று கணீரென்று சொன்னேன். டொக்டர் முக்காட்டுக்குள் இருந்த உம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். காணுவ அடைத்துக்கொண்டால் நகரசபைக்கல்லவா போகவேண்டும் என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. படத்தை மேசையில் விரித்தேன்.

அப்போது உம்மா முக்காட்டுக்குள்ளிருந்து கையை நீட்டினார். தன் உடம்பில் தொட்டுக்காட்ட முடியாததையெல்லாம் அந்தக் காகிதத்தில் தொட்டார். வலது சிறுநீரகம், கான், பை. கடைசியில் அந்தச் சின்ன வழியைத் தொட்டுவிட்டு விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

டொக்டர் சிரிக்கவில்லை. கிருமி கீழேயிருந்து பைக்குள் புகுந்து, கான் வழியாகச் சிறுநீரகம் வரை ஏறியிருக்கிறது என்று பென்சிலால் காட்டினார். சிறுநீர் வந்தால் எவ்வளவு நேரம் அடக்கிவைப்பார் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"கட பூட்டுற வரக்கிம்," என்றார் உம்மா.

கடையின் பின்கட்டுதான் எங்கள் வீடு. கக்கூஸ் முற்றத்துக்கு அப்பால். முற்றத்தில் காலையிலிருந்து மிளகும் கொக்கோவும் நிறுக்கிற ஆட்கள். அத்தனை பேர் பார்க்க வாளியும் கையுமாக உம்மா அதைக் கடக்கமாட்டார். அதற்காகவே பகலில் தண்ணீரும் குடிக்கமாட்டார். நான் மட்டும் நினைத்தபோதெல்லாம் ஓடுவேன்.

கடை எத்தனை மணிக்குப் பூட்டும் என்று டொக்டர் என்னிடம் கேட்டார். மிளகு வாங்க வரப்போகிறாராக்கும் என்று நினைத்து, இரவு எட்டு மணிக்கு, வெள்ளிக்கிழமை மட்டும் பகலில் ஜும்ஆவுக்குப் பூட்டித் திறப்போம் என்று விளக்கமாகச் சொன்னேன். அவர் மருந்து எழுதினார். தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும், வந்தால் அடக்கவே கூடாது, இரண்டையும் வாப்பாவிடம் சொல் என்றார்.

வரும் வழியில் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாப்பாட்ட தண்ணி குடிக்கச் சென்னத மட்டும் செல்லுங்க மகள். மத்தது வாணாம்."

அப்படியே சொன்னேன். வாப்பா நல்ல மனுஷர். அன்றைக்கே உம்மாவுக்கென்று புதுக் குடம் ஒன்று வாங்கிவந்தார். புது மருந்தில் காய்ச்சலும் இறங்கியது. ஆனால் அடுக்களையோடு சேர்த்து ஒரு கக்கூஸ் கட்டவேண்டும் என்பது அவருக்கு விளங்க, உம்மா மறுபடியும் ஒரு தரம் காய்ச்சலில் விழவேண்டியிருந்தது. இடையில் கழிந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

ஏனென்றால் தண்ணீர் கொடுக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். உம்மா போதும் என்றாலும் விடமாட்டேன். அவர் முற்றத்துப் பக்கம் ஒருமுறை பார்ப்பார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடிப்பார். நான் கிளாஸைக் கவிழ்த்துப் பார்த்து, ஒரு சொட்டும் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகு அடுத்ததை நிரப்பிக்கொண்டு வருவேன். கடை திறந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்காது.