அப்பாவும் அம்மாவும் கட்சி மாறிய நாள்

வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு அப்பா பஸ் நிலையத்துக்கும் கோரிமேட்டுக்கும் நடுவே டெம்போ ஓட்டினார். ஏறுகிறவர்களில் பாதிப்பேர் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகள். அதனாலோ என்னவோ, கடவுளைப் பற்றி அவர் பேசும்போதெல்லாம் நடுவில் ஒரு டெம்போ வந்து நின்றுவிடும்.

“வண்டி வந்து நிக்குது. ஏறுறதும் ஏறாததும் அவனவன் இஷ்டம். டிரைவர் எறங்கி வந்து கையப் புடிச்சு இழுப்பானா?” என்பார். இரட்சிப்பு என்பது மனிதன் தானாக எடுக்கிற தீர்மானம் என்பது அவர் கட்சி.

அம்மா பிறந்த வீட்டார் வேறொரு சபை. யார் இரட்சிக்கப்பட வேண்டும் என்று உலகம் உண்டாகும் முன்பே கடவுள் தெரிந்தெடுத்துவிட்டார், அதில் மனிதன் கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை என்று அங்கே போதிப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அம்மா அப்பாவின் சபைக்கு வந்தாரே தவிர, இதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மீனுக்கு மசாலா தடவிக்கொண்டே பதில் சொல்வார்.

“நிக்கத் தெம்பில்லாம வர்ற நோயாளிய நீங்கதானே தூக்கி உள்ள உக்கார வைக்கிறீங்க? அவன் என்னாத்த தீர்மானம் பண்ணான்?”

அப்பா தோற்றுப்போய்ச் சிரிப்பார். நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இதைக் குடும்பச் சண்டை என்றே நினைத்திருந்தார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, அண்ணனுக்குப் பத்தொன்பது. செல்போன் பழுது பார்க்கும் கடையில் அவன் வேலை செய்தான். அவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்க இரண்டு தடவை நாள் குறித்து, இரண்டு தடவையும் அவன் தள்ளிப்போட்டிருந்தான். மூன்றாவதாகக் குறித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாய் விரிப்பதற்காக அம்மா முன்னாலேயே சபைக்குப் போய்விட்டார். அண்ணனுக்கான வெள்ளை உடையையும் இஸ்திரி போட்டு ஒரு பையில் எடுத்துக்கொண்டு போனார்.

நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மேலே அண்ணனின் குரல் கேட்டது.

“உள்ள எனக்கு ஒண்ணும் தோணலப்பா. தோணாம எப்படி மூழ்கி எழுந்திரிக்கிறது? பொய்தானே அது?”

“தானா தோணாது. நீதான் தீர்மானம் பண்ணணும். உனக்காக நான் பண்ண முடியுமா?”

“இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்.”

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் இவ்வளவு தெளிவாக ஞாபகம் வைத்திருக்க மாட்டேன். “சரி, தீர்மானம் பண்ணிட்டு வீட்டுக்கு வா. இல்லன்னா வராத” என்று மட்டும் சொன்னார். அண்ணன் வெளியே போனான்.

மாடியிலிருந்த சபையில் நான்கு பேர் ஞானஸ்நானத் தொட்டியில் இறங்கி ஏறினார்கள். அம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் வரவில்லை.

சாயங்காலம் அவன் சிநேகிதன் ஒருவன் நனைந்த உடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றான். மதியம் கடலில் குளிக்கப் போயிருக்கிறார்கள். ஒரு பெரிய அலை எல்லோரையும் வாரியது. மற்றவர்கள் கரைக்கு வந்துவிட்டார்கள், அண்ணனைக் காணோம். மறுநாள் விடியற்காலை வைத்திக்குப்பத்து மீனவர்கள் அண்ணனைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஒருவர் தன் தலைத்துண்டை அவிழ்த்து அவன் முகத்தை மூடினார்.

எங்கள் சபையில் யாரையாவது அடக்கம் செய்யும்போது, அவர் கர்த்தரிடம் போய்விட்டார் என்று பாஸ்டர் உரக்கச் சொல்வார். அழுகிறவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார்கள். ஞானஸ்நானம் எடுக்காத அண்ணனுக்கு அவர் அதைச் சொல்லவில்லை. குடும்பத்தாரின் ஆறுதலுக்காக மட்டும் ஜெபித்துவிட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டார். அம்மா கடைசிவரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா வண்டி எடுப்பதை நிறுத்திவிட்டார். வீட்டில் பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியபோது அது கோணலாகத் திரும்பியது. மூன்றாவது வாரம் பாஸ்டர் ஜெபிக்க வந்திருந்தார். அவர் உட்காருவதற்குள் அப்பா கேட்டார்.

“பாஸ்டரய்யா, உலகம் உண்டாகுறதுக்கு முன்னாடியே பேரு எழுதியிருந்தா, முங்கி எழுந்திரிக்கலன்னு அத அழிச்சிடுவாரா? மனுசன் கையில என்னா இருக்கு? எல்லாம் அவரு குறிச்சதுதானே? போற நாளும் அவரு குறிச்சதுதானே?”

பாஸ்டர் பதில் சொல்லுமுன் அம்மா குறுக்கிட்டார்.

“எம் புள்ள தண்ணியில போறத அவரா குறிச்சாரு? அப்படிச் சொல்லாதீங்க. அவன் கடைசியில கர்த்தரக் கூப்பிட்டிருப்பான். கூப்பிட ஒரு நொடி போதும். அவனே மனசு வச்சுக் கூப்பிட்டிருப்பான்.”

“கூப்பிடலன்னா?” என்றார் அப்பா. “அவன் கையிலதான் இருந்துச்சுன்னு சொல்றியே, கூப்பிடலன்னா என்னாடி பண்ணுவ?”

“கூப்பிட்டிருப்பான்.”

இருவர் குரலும் ஏறிக்கொண்டே போனது. எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது: அப்பா அம்மாவுடையதைச் சொல்கிறார், அம்மா அப்பாவுடையதைச் சொல்கிறார். துக்கத்தில் குழம்பிவிட்டார்கள், யாராவது எடுத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஞாயிறு வகுப்பில் மனப்பாடத்தில் முதலாவதாக வருகிறவள் நான்.

“மாத்திச் சொல்றப்பா” என்றேன். “தீர்மானம் பண்றது நம்ம கையிலதான்னு நீதானே சொல்லுவ? அன்னைக்குக்கூட அண்ணன்கிட்ட சொன்னியே, தீர்மானம் பண்ணிட்டு வீட்டுக்கு வா, இல்லன்னா வராதன்னு.”

பாஸ்டர் தரையைப் பார்த்தார். அம்மா என் பக்கம் திரும்பினார்.

“என்னைக்குச் சொன்னாரு?”

“நீ பாய் விரிக்கப் போனியே, அன்னைக்குக் காலையில.”

அப்பா மறுப்பார் என்று அம்மா காத்திருந்தார். அப்பா மறுக்கவில்லை. இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இல்லை. “ஜெபிக்கலாம்” என்றார் பாஸ்டர். மூவரும் கண்ணை மூடினார்கள். நான் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் உதடுகள் மட்டும் அசையவே இல்லை.

அன்று யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. மறுநாள் அப்பா வண்டி எடுத்தார். மதியம் அம்மா சோறு போட்டார். குழம்பு போதுமா என்று கேட்கவில்லை. அப்பாவும் இன்னும் கொஞ்சம் என்று கேட்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு அம்மா பிறந்த வீட்டுச் சபைக்குத் தனியாகப் போனார். பிறகு அங்கேயும் போவதை நிறுத்திவிட்டார். அப்பா கடைசிவரை எங்கள் சபைக்குப் போனார். ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடியும் முன்பே எழுந்து வந்துவிடுவார். அதன் பிறகு பல வருடங்கள் அவர்கள் ஒரே வீட்டில் இருந்தார்கள். அண்ணன் பெயரை இருவரும் சேர்ந்திருக்கையில் சொல்லி நான் கேட்டதில்லை.

இதெல்லாம் பின்னால் கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அந்த வாரம் எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் சரியானதை எடுத்துச் சொன்னேன், வீடு அமைதியாகிவிட்டது என்பதுதான். ஞாயிறு வகுப்பில் டீச்சர் என்னைப் பக்கத்தில் அழைத்து, வீட்டில் எல்லோரும் எப்படியிருக்கிறார்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

“நல்லா இருக்காங்க டீச்சர்” என்றேன். “இப்பல்லாம் அப்பாவும் அம்மாவும் வாதாடறதே இல்ல.”