சரியாமல் படுத்திருந்தவர்

எங்கள் மருத்துவத் துறையின் இறுதிப் பரீட்சைக்கு அவர் கல்யாண வீட்டுக்கு வருவதுபோல வருவார். அயன் பண்ணிய வெள்ளைச் சட்டை, தொப்பி, அத்தர் வாசம். சம்மாந்துறை அரிசி ஆலையொன்றில் வேலை. இதய வால்வு ஒன்று சுருங்கியிருந்ததால், மாணவர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக அவரை அழைப்போம்.

இடப்பக்கம் சரிந்து படுத்தால்தான் அந்த வால்வின் மெல்லிய உறுமல் தெளிவாகக் கேட்கும். சரியச் சொல்ல வேண்டியவர் மாணவர். முதல்முறை இவர் யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் சரிந்து கொடுத்துவிட்டார். அத்தனை பேரும் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இனி அப்படிச் செய்ய வேண்டாம் என்று நான்தான் சொல்லிவைத்தேன்.

அடுத்தமுறை ஒரு மாணவி அவர் நெஞ்செல்லாம் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. அவரோ கட்டில் விளிம்பை இறுகப் பிடித்தபடி மல்லாந்தே கிடந்தார். மணியடிக்கச் சற்று முன்னர் அவள், "வாப்பா, இடப்பக்கம் கொஞ்சம் சரிஞ்சி படுங்க" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே சரிந்தார்.

அவள் போன பிறகு, "பாவமா இருக்கல்லயா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"இருந்திச்சி டொக்டர். நான் சரிஞ்சி குடுத்தா புள்ள பாஸாகிரும். நாளைக்கு இன்னொருத்தன் ஒண்டும் தெரியாம மல்லாந்து படுத்திருப்பானே, அவன்ட கதி என்ன?"

அன்றைய புள்ளித்தாளில் பரீட்சகர்கள் கையொப்பமிட இரண்டு கோடுகள்தான் இருந்தன. அவருக்கென்று மூன்றாவதாக ஒன்று இருந்திருக்க வேண்டும்.