பவுனில் கட்டிய சந்தா

கில்டோ மார்சால் ஹாங்காங் கருவூலத்தில் பதினைந்து வருஷம் எனக்குப் பக்கத்து மேஜை. இருவரும் மக்காவ் போர்த்துக்கீசியர்கள், வெள்ளைக்கார துரைகளுக்குக் கணக்கெழுதிப் பிழைத்தவர்கள். சம்பளப் பட்டியல் என் பொறுப்பு.

விதவைகள் நிதி தொடங்கியபோது ஒரு படிவம் வந்தது. நாம் செத்தபின் மனைவிக்குப் பென்ஷன் ஹாங்காங் டாலரில் வேண்டுமா, இங்கிலாந்துப் பவுனிலா? எதில் கேட்கிறோமோ அதில்தான் மாதச் சந்தாவும். எழுதிவிட்டால் மாற்ற முடியாது. பவுனெல்லாம் சீமைக்குத் திரும்பும் துரைகளுக்கு என்று நாங்கள் டாலர் எழுதினோம். கில்டோ மட்டும் பவுன் எழுதினான்.

"உனக்கென்ன, லண்டன்ல மாமியார் வீடா இருக்கு?" என்றேன்.

"நம்ம டாலர் வெள்ளிதான், வெள்ளி விலை சரியுதுடா லீனோ. டாலர்ல பென்ஷன் வந்தா பெலிஸ்மீனாவுக்கு அரிசிக்குக்கூடக் காணாது."

அவன் சொன்னது பலித்தது, அவன் தலையிலேயே விடிந்தது. மாதம் ஒரு பவுனுக்கு முதல் வருஷம் ஆறு டாலர் பிடித்தேன். டாலர் மதிப்பு இறங்க இறங்க எட்டு, பத்து, கடைசியில் பன்னிரண்டு. சம்பளமே எண்பது. சுருட்டை விட்டான். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறியும் நின்றது.

இதை மனைவி பெலிஸ்மீனாவிடம் அவன் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் 'நான் செத்தபிறகு' என்று ஆரம்பித்தாலே சாவை வாசலுக்குக் கூப்பிட்டதாக அழுவார்கள். என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

ஒரு நாள் பெலிஸ்மீனாவே ஆபீசுக்கு வந்துவிட்டாள். கில்டோ வங்கிக்குப் போயிருந்தான்.

"தம்பி, வருஷா வருஷம் வீட்டுக்கு வர்ற சம்பளம் குறையுது. மக்காவ்ல எவளையாவது வச்சிருக்காரா? மறைக்காம சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். அவன் பெயரும் பன்னிரண்டு டாலரும் இருந்த பக்கம் என் முன்னால் திறந்தே கிடந்தது. பெரிய சத்தியவான் நான்.

அதற்குப்பின் அவள் அவனோடு சண்டைகூடப் போடவில்லை. இரண்டு வருஷம் சோறு போட்டாள், துணி துவைத்தாள், முகம் பார்த்துப் பேசவில்லை. பிறகு காய்ச்சலில் படுத்தாள். கடைசி நாள் நானும் அந்த அறையில் இருந்தேன்.

"நான் போனதும் அவளக் கூட்டிட்டு வந்திடுங்க" என்றாள் அவனிடம். "நல்லா சமைப்பாளா?"

கில்டோ உடைந்து போனான். "எவளும் இல்லடி! எல்லாம் உன் பென்ஷனுக்குத்தான் கட்டினேன்!"

"இப்பவும் பொய்யா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. விடிவதற்குள் போய்விட்டாள்.

மனைவி முந்திக்கொண்டால் சந்தா நிற்கும், கட்டியது திரும்பாது. அதுதான் விதி. சந்தாப் பட்டியலிலிருந்து அவன் பெயரை நானே அடித்தேன். மாதக் கடைசியில் உறையில் எண்பது டாலரும் முழுதாக இருந்தது. கில்டோ எண்ணினான். பன்னிரண்டைப் பிரித்து என் பக்கம் தள்ளினான்.

"பிடிச்சுக்கடா."

"யாருக்குடா பிடிக்கிறது?"

அந்த நோட்டுகளைத் திரும்ப உறைக்குள் போட்டான்.

"நான் வங்கிக்குப் போன அன்னிக்கு அவ உன்கிட்ட வந்து கேட்டாளாமே, லீனோ, ஆபீஸ்ல சொன்னாங்க," என்றான். "சத்தியத்த மீறியிருக்கக் கூடாதா?"