தெப்பத்துக்குள் தண்ணீர்!

போன ஞாயிறு காலை எட்டு மணிக்கு எங்கள் பெருமாள் கோயில் குளத்துப் படியில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே எங்கள் தெப்பம்... பாதி மூழ்கிக்கொண்டு!

மறுநாள் தெப்பத் திருவிழா.

விஷயம் இதுதான். எங்கள் தெப்பம் இரண்டு பழைய மரப் படகுகள். மேலே குறுக்கே பலகை அடித்தால் சாமிக்கு மேடை. குளத்தில் போதிய தண்ணீர் இல்லாமல் பல வருஷம் கொட்டகையில் கிடந்தது. இந்த வருஷ மழையில் குளம் நிரம்பிவிட்டது.

"பலகையெல்லாம் விரிஞ்சி போச்சும்மா. டிரம்மு வெச்சி வேற தெப்பம் கட்டிக்கலாம். இத்த ஒடைச்சி மடப்பள்ளி அடுப்புக்குப் போட்றலாம்" என்றார் தர்மகர்த்தா.

தெருவில் பன்னிரண்டு பேருக்கு மனசு கேட்கவில்லை. பதினோரு பேர் நெசவாளிகள். பன்னிரண்டாவது ஆள், டிப்ளமோ வாங்கிய நான். ஞாயிறுதோறும் வேலை, கூலி கிடையாது. "ஒரு சொட்டு உள்ளே வந்தாலும் நீங்களே கோடாலி எடுங்க சார்" என்று வாக்குக் கொடுத்ததும் நான்தான்!

இருபத்திரண்டு வேலைகளுக்குப் பட்டியல் போட்டேன். உளுத்த பலகையை மாற்றுவது, பலகை இடுக்குகளில் பருத்தி நூலைத் திணிப்பது, அதன்மேல் தண்ணீர் புகாதபடி எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியப் பிசின் பூசுவது... எல்லாவற்றுக்கும் டிக். சனிக்கிழமை மாலை மிதக்க விட்டோம். ஜம்மென்று நின்றது. விசில் பறந்தது!

விடிந்தால் இந்தக் கோலம்.

"இன்னாம்மா, கோடாலி எடுத்தாரட்டுமா?" படியிலிருந்து தர்மகர்த்தா. சிரிக்கவில்லை மனிதர்.

"கொஞ்சம் இருங்க சார்."

பட்டியலை மூன்று தடவை படித்தேன். எதுவும் விட்டுப்போகவில்லை. அப்புறம் எப்படி?

அப்போதுதான் கவனித்தேன். பக்கத்துப் படியில் யாரோ பொரி போடுகிறார்கள். ஒரு மீன்கூடத் திரும்பவில்லை! கோயில் குளத்து மீன் பொரியை விடுமா? எல்லாம் தெப்பத்தை ஒட்டி வரிசையாக நின்று, பலகை இடுக்குகளைக் கொத்திக்கொண்டிருந்தன.

கையை விட்டு ஒரு நூலை உருவினேன். வழவழவென்று வந்தது. மோந்து பார்த்தேன். சோற்று வாசனை!

"முனுசாமி அண்ணே, நூலுக்குக் கஞ்சி போட்டீங்களா?"

நூல் வேலை முழுக்க அவர் பொறுப்பு. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாம்மா கேள்வி இது? கஞ்சி போடாத நூலை எவன் கையில தொடுவான்? நல்ல அரிசியா பாத்து ரெண்டு தபா போட்டோம்!"

தறிக்குப் போகும் நூலுக்குச் செய்கிற அதே மரியாதை! தண்ணீரில் கஞ்சி ஊறி, மேலே பூசிய குங்கிலியம் பெயர்ந்துவிட்டது. மிச்சத்தை மீன்கள் பார்த்துக்கொண்டன.

"படகுக்கு வேலை செய்யச் சொன்னா, மீனுக்கு விருந்து வெச்சிக்கினு கீறியே!" என்று அவர் மனைவியே தலையில் அடித்துக்கொண்டார்.

தர்மகர்த்தாவிடம் ஒரே ஒரு நாள் கெஞ்சி வாங்கினேன். பிறகு பார்க்க வேண்டுமே! படகுகளைக் கரையேற்றி, வைக்கோல் கொளுத்தி அனல் காட்டிக் காயவைத்தோம். நெசவாளர் தெருவில் கஞ்சி படாத நூல் லேசில் கிடைக்குமா? வீடு வீடாக ஓட்டம். கிடைத்ததை எண்ணெயில் ஊறவைத்து, ஆளுக்கு ஓர் இடுக்காகத் திணித்தோம். திங்கள் மதியம் பூச்சு முடிந்தபோது எல்லார் கையும் கன்றிப்போயிருந்தது.

பட்டியலுக்குள் சிக்காதது எது தெரியுமா? யோசிக்காமலே கை செய்துவிடுகிற வேலை. கஞ்சி போடுவதை முனுசாமி அண்ணன் ஒரு வேலையாகவே நினைக்கவில்லை, அதனால் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை — நானும் இந்தத் தெருக்காரிதானே?

திங்கள் மாலை. நாதஸ்வரம், தீவட்டி, கரை நிறையக் கூட்டம். முதல் சுற்று... படகின் அடியைத் தடவிப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. இரண்டாவது சுற்று... உலர்ந்திருந்தது! மூன்றாவது சுற்றில் தர்மகர்த்தாவே ஏறிக் குனிந்து, தன் துண்டால் அடிப்பலகையைத் துடைத்துப் பார்த்தார். துண்டில் ஈரமே இல்லை. அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பெருமாள் கரையேறினார்.

"சார், எறங்குங்க" என்றார் முனுசாமி அண்ணன்.

"இருப்பா... இன்னொரு சுத்து போவட்டும்!"