கல்பாக்கத்துக்கு முன்னால் ஒரு திருப்பம்

எனக்குப் பிடி இறுக்கம். ராணுவ ஹெலிகாப்டர் ஓட்டக் கற்கிறவனுக்கு இதைவிடப் பெரிய வியாதி கிடையாது. ஓட்டும் ஸ்டிக்கை இரண்டு விரலால் பிடித்தால் போதும் என்பார்கள். நானோ கூட்டமான பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதுபோல் பிடிப்பேன். அதனாலேயே இரண்டு சோதனைகளில் கோட்டை விட்டிருந்தேன். மூன்றாவதிலும் விட்டால் பறப்பதை மறந்துவிட்டு ஸ்டோரில் உட்கார வேண்டியதுதான். அப்பாவோ கல்பாக்கத்தை ஒட்டிய அணுபுரம் குடியிருப்பு முழுக்க என் மகன் பைலட் என்று சொல்லி வைத்திருந்தார். சொல்லாதே என்றால் கேட்கிற மனிதரா அவர்?

மூன்றாவது சோதனைக்கு வந்த பயிற்சியாளர் செங்கல்பட்டுக்காரர். வானத்தில் ஆங்கிலம், தரையில் எங்கள் ஊர்ப் பேச்சு. பயிற்சி ஹெலிகாப்டரில் இரண்டு பேருக்கும் தனித்தனி ஸ்டிக் உண்டு. ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். யார் ஓட்டுகிறார் என்பதை வாயால் சொல்லித்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். தானாக ஓட்டும் கருவியெல்லாம் அதில் இல்லை. கையை எடுத்தால் சில நொடிகளில் ஒரு பக்கமாகக் கவிழத் தொடங்கிவிடும்.

மாமல்லபுரம் தாண்டிக் கடலோரமாகத் தெற்கே போனோம். காலை பத்து மணி இருக்கும். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம், நடுவில் கோடே இல்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் மேல் பறக்கத் தடை என்பதால், அதற்கு முன்பே கடல் பக்கம் திரும்பி வடக்கே வந்துவிட வேண்டும். யாரும் சொல்லாமல் நானாகத் திரும்புகிறேனா என்பதுதான் சோதனை.

திரும்ப வேண்டிய இடம் நெருங்கும்போது ஸ்டிக் என் கைக்குள் லேசாக இழுத்தது. அவர் வாங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். ஆனால் வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் வாயால் சொல்லவில்லை. கோபம் போலிருக்கிறது, நம் கதை முடிந்தது என்று கைகளை எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டேன். ஹெலிகாப்டர் இடப்பக்கம் சாய்ந்து, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் திரும்பியது. அப்படி ஒரு திருப்பத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வடக்கே நேரானதும் ஹெலிகாப்டரின் மூக்கு திடீரென்று கீழே இறங்கியது. பதறிப் போய் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டேன்.

தரைக்கு வந்த பிறகு பதிவேட்டில் எழுதிக்கொண்டே, திருப்பம் நன்றாக இருந்தது, நீ பாஸ் என்றார். நான் திருப்பவில்லையே. உண்மையைச் சொன்னால் பாஸ் போய்விடும். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அதற்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் உண்டு. போனில் செய்தி சொன்னதும் அப்பா அழுதுவிட்டார்.

மறுநாள் காலை முதல் தனிப் பறப்பு. ரோட்டர் சுற்றிக்கொண்டிருக்க, அவர் இறங்கி நின்று, ஸ்டிக்கில் மாட்டாதபடி தன் காலி சீட்டின் பெல்ட்டை இழுத்துக் கட்டினார். உட்கார்ந்திருக்கும் ஆளுக்குக் கட்டுவதுபோல் அத்தனை கவனமாகக் கட்டினார். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. ஹெட்செட்டில் சொல்லிவிட்டேன்.

"நேத்து நான் திருப்பல சார். கை முட்டி மேல இருந்துச்சு. நீங்கன்னு நெனச்சேன்."

அவர் முகம் மாறவே இல்லை.

"தெரியும். பாத்துகினு தான் இருந்தேன். என் கையும் மடியில தான் இருந்துச்சு. ஸ்டிக்கு அதுவா நவுந்துகினு இருந்துச்சு."

பிறகு ஏன் சார் பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

"தொட பயமா இருந்துச்சுப்பா."

என் வயதைவிட அதிக வருடங்கள் பறந்தவர் அவர். ஹெட்செட்டைக் கழற்றி மாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். மாணவன் தனியாக எழும்புவதை நின்று பார்ப்பது பயிற்சியாளர்களின் வழக்கம். அவர் நிற்கவில்லை. வேகமாக நடந்து கட்டடத்துக்குள் போய்விட்டார். நான் எழும்பினேன். இறங்கும்வரை பக்கத்து சீட்டை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.