வெள்ளி விழா மலரும் கரிப் பெட்டியும்

நின்றுபோன பத்திரிகைகளின் ஆண்டு மலர்களைச் சேர்ப்பவன் நான். பல வருடம் தேடிய ஒரு வெள்ளி விழா மலர், விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில், வெடிக்குக் குழாய் சுற்ற வாங்கிப் போட்டிருந்த பழைய பேப்பர் கட்டில் கிடைத்தது. கேட்டு வாங்கி வந்தேன். கசங்கிய அட்டையைத் தேய்த்து நிமிர்த்துவது என் வழக்கம். இஸ்திரிப் பெட்டியில் கரி கனன்றதும் தூக்கினேன். பட்டாசு வேலை முடிந்து அப்போதுதான் வந்த என் மனைவி வாசலிலேயே அலறினாள்.

“ஏங்க, பெட்டிய வெளிய கொண்டு போங்க! விரலப் பாருங்க!”

விரலெல்லாம் மினுமினுப்பு. அட்டையின் வெள்ளி மை உதிர்கிறது என்றல்லவா நினைத்திருந்தேன்!

“வெடி மருந்துங்க அது. தாளுக்குள்ள எம்புட்டு கெடக்கோ!”

அடுத்த அறையில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அவள் பார்க்காமல் எந்தப் பழைய புத்தகமும் வாசலைத் தாண்டுவதில்லை. என் மலர்கள் கசங்கியே இருக்கின்றன, இருக்கட்டும்.